வயதாக ஆக உடற்பயிற்சியை விடாமல் செய்ய வைப்பது எது? நான்கு முறை விட்டவள் கேட்கிறேன்

முத்தியால்பேட்டை_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3 என்று வந்தபோது, எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், தினமும் நடங்கள் என்றார் டாக்டர். பயந்துபோய் நடந்தேன். அடுத்த பரிசோதனையில் 5.9. அந்தத் தாளைப் பார்த்த வாரமே நடை நின்றுவிட்டது. பயம் போனது, கூடவே நடையும் போனது.

இப்படி நான்கு முறை ஆகிவிட்டது. முதலில் எங்கள் பாண்டிச்சேரி கடற்கரைச் சாலை. காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், காற்று நன்றாக இருக்கும், காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை போய்த் திரும்பினால் நல்ல நடை. இருந்தும் 2 மாதத்துக்கு மேல் ஓடவில்லை. அப்புறம் ஒரு ஜிம்மில் வருடப் பணம் கட்டினேன். அங்கே என் வயதில் யாருமே இல்லை, முட்டி வலிக்கிறது என்று சொன்னால் அந்தப் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு யூடியூப் பார்த்து யோகா. கடைசியாக மகன் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான், தினம் 10,000 அடி நடக்கச் சொல்லி அது நச்சரிக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றதே, அந்த வாரம் விட்டதுதான். கடிகாரம் மேஜை டிராயரில் கிடக்கிறது.

என்ன உடற்பயிற்சி நல்லது என்று நான் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பல வருடமாக விடாமல் செய்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். காலையில் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புவது எது? அதை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

மேடம், நேராகவே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சந்தோஷத்தைத் தேடுவதுதான் பிரச்சினை. பல் தேய்ப்பதில் என்ன சந்தோஷம் இருக்கிறது? தேய்க்கிறோம் இல்லையா? எனக்கு 58 வயது. 11 வருடமாகக் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை 5 மணிக்கு இருப்பேன். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க ஆரம்பித்தால் போர்வைதான் ஜெயிக்கும். இரவே ஷூவை வாசலில் வைத்துவிடுங்கள், மணி அடித்தால் எழுந்து போங்கள், அவ்வளவுதான்.

ரிட்டயர்டு_கண்டக்டர்:

தம்பி சொல்வது சிலருக்குச் சரிப்படும், எனக்குச் சரிப்படவில்லை. நான் 66. கடலூர் – விருத்தாசலம், கடலூர் – சிதம்பரம் என்று 31 வருடம் பஸ்ஸில் நின்றவன். ஓய்வு பெறும் வரைக்கும் உடற்பயிற்சி என்ற வார்த்தையே என் வாயில் வந்ததில்லை. கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருவது, படியில் ஏறி இறங்குவது, பள்ளத்தில் பஸ் குலுங்கும்போது கம்பியைப் பிடிக்காமல் நின்று சில்லறை கொடுப்பது, இதெல்லாம் பயிற்சி என்று அப்போது தெரியாது. வேலை விட்ட 2 வருடத்தில் 9 கிலோ ஏறியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அப்போதுதான் ஒரு விஷயம் படித்தேன், எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் மனதில் பதிந்துவிட்டது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். இரட்டை மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பம், ஆனால் உட்கார்ந்தே இருக்கும் டிரைவருக்கு மாரடைப்பு அதிகம், நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டருக்குக் குறைவு. ஒரு கண்டக்டர் ஒரு நாளைக்கு 500லிருந்து 750 படி ஏறியிருக்கிறார். உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் எடுத்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவரே 99 வயது வரை இருந்தார். அதைப் படித்ததும் என்னோடு ஓட்டிய டிரைவர் நண்பர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்து போனது, சிலர் இப்போது இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன், முடியவில்லை. 31 வருடம் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காகவே கிளம்பியவனுக்குக் கிளம்பிய இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவது ஒட்டவில்லை. அதனால் இப்போது காலை 5.40க்கு மஞ்சக்குப்பத்தில் கிளம்பி கெடிலம் பாலம் தாண்டி திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். அரை மணி நேரம். அங்கே முதல் ஷிப்டுக்கு வரும் பழைய ஆட்கள் டீக்கடையில் நிற்பார்கள். யார் எந்த ரூட்டு, எந்த வண்டி பிரேக் டவுன், யார் மகளுக்குக் கல்யாணம், எல்லாம் பேசிவிட்டுத் திரும்பி நடந்து வருவேன். ஒரு நாள் போகவில்லை என்றால் மறுநாள் "என்ன அண்ணே, லீவா?" என்று கேட்பார்கள். அது போதும் எனக்கு.

பிசியோ_கடலூர்:

நான் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன், தினம் பெரியவர்களோடுதான் வேலை. டீச்சரம்மா, முதலில் அந்த 10,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது எந்த மருத்துவரும் கண்டுபிடித்த அளவு கிடையாது. 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள், அந்த விளம்பர எண்தான் உலகம் முழுக்கப் பரவியது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதலாகப் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டாத எண்ணை வைத்துக்கொண்டு 6,000 நடந்த நாளையும் தோற்ற நாளாக எழுதிக்கொள்வதால்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, இங்கே எல்லோரும் நடையைப் பற்றியே பேசுகிறோம். நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. 30 வயதுக்கு மேல் 10 வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, 60க்கு மேல் இன்னும் வேகமாக. கீழே உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படி உயரமாகத் தெரிகிறது என்று வருகிறார்களே, அதற்குப் பெரும்பாலும் தொடைத் தசைதான் காரணம். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, 2 நாள் தசைக்கான பயிற்சி, 65க்கு மேல் என்றால் 3 நாள் சமநிலைப் பயிற்சி என்கிறது. தசைக்கு வயது தடையா என்றால் இல்லை. 1990இல் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. எனக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை தருவதே அந்த 10 பேர்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. நீங்கள் கணக்கு டீச்சர், இந்த எண் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உடம்பு மாறுகிறது என்பதை ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் வாராவாரம் கண்ணால் பார்க்கலாம்.

தேவனாம்பட்டினம்:

நான் கடலுக்குப் போகிறவன், 57 வயது. எங்கள் அப்பா காலத்தில் யாருக்கும் தொப்பை கிடையாது. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கள் பக்கம் நிறையப் பேர் கட்டுமரத்தை விட்டு ஃபைபர் போட்டுக்கு மாறினோம், துடுப்பு போட்ட கைக்கு என்ஜின் வந்தது. வலை இழுக்கிறோம்தான், ஆனாலும் பழைய உழைப்பில் பாதி கூட இல்லை. எனக்கு பிரஷர் வந்தது 51இல்.

சாயங்காலம் வெள்ளிக் கடற்கரையில் எங்கள் தெருப் பையன்கள் கபடி ஆடுவார்கள். நான் அந்தக் காலத்தில் நல்ல ரைடர். இப்போது ஆட முடியாது, முட்டி கேட்காது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ண மணலில் ஓட வைப்பது, குந்தி எழ வைப்பது, பக்கவாட்டில் தாவ வைப்பது எல்லாம் என் பொறுப்பு. பையன்கள் 30 எடுத்தால் நான் 12 எடுப்பேன், ஆனால் எடுப்பேன். வாத்தியார் நிற்கும்போது பையன் நிற்கமாட்டான் இல்லையா, அதே மாதிரி பையன்கள் பார்க்கும்போது எனக்கும் நிற்க மனம் வராது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். டீச்சர், நீங்கள் பாண்டியில் மணல் இருக்கிற பக்கமாகப் போய் வெறுங்காலில் நடந்து பாருங்கள், தார்ச் சாலையில் நடப்பதுபோல இருக்காது, கணுக்காலே வேறு மாதிரி வேலை செய்யும்.

பிசியோ_கடலூர்:

அண்ணன் சொன்னது அருமை, ஒரே ஒரு திருத்தம். சர்க்கரை பல வருடமாக இருப்பவர்கள், பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலில் மணலில் நடக்க வேண்டாம். கிளிஞ்சல் கீறினாலும் தெரியாது, அந்தப் புண் ஆறாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. டீச்சரம்மா இப்போதுதான் எல்லைக்கோட்டில் இருக்கிறார், பாதத்தில் உணர்வு சரியாக இருந்தால் ஈர மணலில் நடக்கலாம், உலர்ந்த மணல் முட்டிக்கு அதிக வேலை கொடுக்கும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் யாராக இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

திருப்பாதிரி_அம்மா:

எனக்கு 68. இந்த இழையில் ஆண்கள் எல்லோரும் காலை 5 மணி, 5.40 என்று எழுதுகிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் யார் எழுந்து என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து 4 வருடம் ஆகிறது. அவரைத் தூக்கி உட்கார வைப்பது, துணி மாற்றுவது, சமையல், நாள் முழுக்க நின்றபடியேதான் இருக்கிறேன். அதற்குமேல் "நீ நட, உன் உடம்பையும் பார்" என்று சொல்கிறவர்கள், ஓர் அரை மணி நேரம் வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டு வேலையே உடற்பயிற்சி என்றும் சொல்வார்கள். வேலையில் உடம்பு களைக்கிறது, மனசும் சேர்ந்து களைக்கிறது. நடந்துவிட்டு வந்தால் உடம்பு மட்டும்தான் களைக்கிறது. இந்த வித்தியாசம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் தங்கை நெய்வேலியில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் போனில் பேசும்போது எனக்கு மூச்சு வாங்கியது, ஏன் என்றாள், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே பேசுகிறேன் என்றேன். நானும் மாடிக்கு வருகிறேன், நடந்துகொண்டே பேசலாம் என்றாள். அன்றிலிருந்து தினம் 6 மணிக்கு நான் இங்கே என் மாடியில், அவள் அங்கே அவள் மாடியில், 25 நிமிடம். மழை என்றால் வீட்டுக்குள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்போம். குழம்பு என்ன என்பதில் ஆரம்பித்து அம்மா இருந்த காலம் வரைக்கும் போகும். எனக்கு அது நடை என்றே தோன்றவில்லை, தங்கையோடு இருக்கும் நேரம்.

மாதம் ஒரு ஞாயிறு மகன் வரும்போது பாடலீஸ்வரர் கோயிலில் உழவாரப் பணிக்குப் போய்விடுவேன். பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குவது, குப்பை கூட்டுவது. அப்பர் சுவாமி கல்லோடு கரையேறிய ஊர் எங்களுடையது. 81 வயது வரை இருந்தவர், உழவாரப் படையைக் கையிலிருந்து இறக்காதவர் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். குந்தி உட்கார்ந்து புல் எடுத்துவிட்டு எழும்போது ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்வேன்.

ரிட்டயர்டு_கண்டக்டர்:

அம்மா, நீங்கள் சொன்னது உறைத்தது. நான் 5.40க்குக் கிளம்பும்போது என் வீட்டம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். 8 வருடமாக ஒரு நாளும் நீயும் வா என்று கேட்டதில்லை. இன்று கேட்கிறேன்.

நெல்லித்தோப்பு_பேரன்:

நான் இங்கே எழுதுகிற வயது இல்லை, 33தான். ஆனால் எங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 78 வயது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்பார்களே, அப்படி. வாக்கிங் போகமாட்டார், யோகா என்றால் எழுந்து போய்விடுவார். ஆனால் சாயங்காலம் 4.30க்கு இரும்புப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பெத்தாங் ஆடப் போய்விடுவார், மழை நாள் தவிர.

தெரியாதவர்களுக்கு: சின்ன மரப்பந்து ஒன்றை 6லிருந்து 10 மீட்டர் தூரத்துக்குள் வீசுவார்கள், அதற்கு யார் பந்து பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. 13 எடுத்தால் ஆட்டம். ஒரு பந்து 650லிருந்து 800 கிராம். ஓட வேண்டியதே இல்லை, ஒரு வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றுதான் வீச வேண்டும். அந்த விதி வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். சுமார் 120 வருடத்துக்கு முன் தென் பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில், மூட்டுவாதம் வந்து ஓடி வீச முடியாமல் போன ஒரு பழைய ஆட்டக்காரர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரும் ஆட வேண்டும் என்பதற்காக நின்ற இடத்திலிருந்தே வீசுவது என்று மாற்றினார்கள். காலை ஊன்றி நிற்பது என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். வயதானவர்களுக்கு என்று தனியாக எதையோ கொடுக்காமல், ஆட்டத்தையே அவருக்காக மாற்றியிருக்கிறார்கள், எனக்கு அதில்தான் பிரமிப்பு.

குனிய முடியாதவர்கள் கயிற்றில் காந்தம் கட்டிப் பந்தை எடுப்பார்கள். தாத்தா அதைத் தொடமாட்டார். நான் ஒரு நாள் எண்ணினேன், ஓர் ஆட்டத்தில் 40 முறைக்கு மேல் குனிந்து எழுந்தார், எல்லாம் தானாக நடக்கிறது. வீட்டில் செய்தித்தாள் கீழே விழுந்தால் எடு என்று என்னைக் கூப்பிடுகிறவர் அதே மனிதர்தான். டீச்சர், முத்தியால்பேட்டையிலிருந்து தூரமில்லை, ஒரு நாள் வாருங்கள்.

முத்தியால்பேட்டை_டீச்சர்:

பெண்கள் ஆடுவார்களா தம்பி?

நெல்லித்தோப்பு_பேரன்:

எங்கள் திடலில் இரண்டு பேர் ஆடுகிறார்கள் அம்மா. ஒருவர் தாத்தாவையே தோற்கடிப்பார்.

கெடிலக்கரை:

முதலில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பல் தேய்ப்பது மாதிரி என்று எழுதியிருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், நினைவு வந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. 11 வருடத்தில் 9 வருடம் என்னோடு ஒருவர் நடந்தார், பக்கத்துத் தெரு, ரிட்டயர்டு தாசில்தார். மைதானத்து வேப்பமரத்துக்கிட்ட எனக்காக நிற்பார். இரண்டு வருடத்துக்கு முன் மகனோடு பெங்களூர் போய்விட்டார். அப்போது 40 நாள் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஷூ வாசலில்தான் இருந்தது, அலாரமும் அடித்தது. அப்புறம் வேறொரு கூட்டம் பழகி, அருகம்புல் ஜூஸ் விற்கிறவர் வரைக்கும் பேச்சு ஒட்டி, மறுபடி ஆரம்பித்தேன். 11 வருடமாக ஒரு நாள் கூட யோசித்ததில்லை என்று எழுதியது உண்மையில்லை. மன்னிக்கவும் மேடம்.

முத்தியால்பேட்டை_டீச்சர் (6 வாரம் கழித்து):

எழுதத் தாமதமாகிவிட்டது. திடலுக்குப் போனேன். முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பந்தில் எது பக்கம் என்று ஒரு சண்டை வந்தது, என் பையில் தையல் டேப் இருந்தது, எடுத்துப் போய் அளந்து சொன்னேன், ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். அன்றிலிருந்து டீச்சர் வரட்டும், அளக்கட்டும் என்று ஆகிவிட்டது. அளக்கக் குனிந்தேன், குந்தினேன், எழுந்தேன். மூன்றாவது வாரம் பந்தைக் கையில் கொடுத்தார்கள். நான் வீசுவது இன்னும் எங்கெங்கோ போகிறது, ஆனால் போன வியாழக்கிழமை ஒரு பந்து மரப்பந்தை உரசிக்கொண்டு போய் நின்றது. அன்று இரவு அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். வேலை விட்ட பிறகு நாளைக்கு என்று எதையும் இப்படி எதிர்பார்த்ததில்லை.

திடலுக்குப் போகவும் வரவும் நடைதான், மொத்தம் 50 நிமிடம். பிசியோ தம்பி சொன்ன நாற்காலிக் கணக்கு முதல் நாள் 9, நேற்று 12. தினம் ரசம் கொதிக்கும் நேரத்தில் செய்கிறேன். ஒற்றைக்காலில் நிற்பதும் மேடையைப் பிடித்தபடி ஆரம்பித்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம். எண் குறைந்தாலும் கூடினாலும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு என் பெயர் எழுதியாகிவிட்டது. ஐப்பசி மழை வந்தால் திடல் சேறாகிவிடும் என்கிறார்கள், அந்த இரண்டு மாதத்துக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. திருப்பாதிரி அம்மா, சாயங்காலம் 6 மணிக்கு உங்கள் போனில் மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டா?

கண்டக்டர் சார், அடுத்த ஞாயிறு கடலூரில் என் அக்கா வீட்டில் இருப்பேன். உங்கள் பாலத்து நடைக்கு வரலாமா?

திருப்பாதிரி_அம்மா:

தாராளமாக வா அம்மா. தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் கணக்கில் வீக், உன்னிடம் பேரனுக்குச் சந்தேகம் கேட்பாள்.

ரிட்டயர்டு_கண்டக்டர்:

வாருங்கள் டீச்சர். மஞ்சக்குப்பம் பக்கத்துப் பால முனையில் 5.45க்கு நிற்கிறோம், வீட்டம்மாவும் வருவாள், 5 வாரமாக வருகிறாள். அவளுக்காகக் கொஞ்சம் மெதுவாக நடக்கிறோம். வெறும் வயிற்றில் வராதீர்கள், இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.